அளவுச் சாப்பாடும் அன்லிமிடெட் பேக்கும்

மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை



நம் கல்லூரி வாசலைத் தாண்டி பஸ் ஸ்டாண்டு பக்கம் போனால் ஒரு மெஸ் இருக்கிறது. அதன் போர்டில் இரண்டே வரிதான். அளவுச் சாப்பாடு ஒரு விலை, முழுச் சாப்பாடு ஒரு விலை. ஹாஸ்டலில் குழம்பு சரியில்லாத நாளில் நாமெல்லாம் கும்பலாகப் போய் முழுச் சாப்பாட்டுக்கு உட்காருவோம். காசு குடுத்தாச்சே என்று மூன்றாவது முறை சாம்பார் ஊற்றச் சொல்வோம். அதே மேசையில் எதிரே ஒரு பெரியவர் அளவுச் சாப்பாடு வாங்கி, பேசாமல் சாப்பிட்டுவிட்டு, கை கழுவிக்கொண்டு போவார். ‘நீயும் முழுச் சாப்பாடு வாங்கினால்தான் இங்கே உட்காரலாம்’ என்று முதலாளி அவரிடம் சொன்னதை நான் பார்த்ததில்லை.

செல்போனில் மட்டும் அந்த அளவுச் சாப்பாடு போர்டைக் கழற்றிவிட்டார்கள். கழற்றியது யார், எப்போது, அதற்கு நாம் எல்லாரும் ஏன் கை தட்டினோம் என்பதைப் பற்றித்தான் இந்த மலரில் நாலு வார்த்தை எழுத ஆசைப்படுகிறேன்.

உடனே சண்டைக்கு வந்துவிடாதீர்கள்! அன்லிமிடெட் திட்டத்தால் நன்மையே இல்லை என்று நான் சொன்னால் நன்றி கெட்டவன் ஆவேன். 2020-இல் கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடத்தை மூடியபோது நான் எட்டாம் வகுப்பு. எங்கள் வீட்டில் பட்டன் செட்டு ஒன்றுதான். பக்கத்து வீட்டு அண்ணன் போனில் தினம் மிச்சமாகிற டேட்டாவை வைத்துத்தான் கணக்குப் பாட வீடியோ பார்த்தேன். ஒரு ஜி.பி. இருநூறு, இருநூற்றைம்பது ரூபாய் விற்ற பழைய காலமாக இருந்திருந்தால் எந்த அண்ணன் ஹாட்ஸ்பாட் போட்டுக் கொடுத்திருப்பார்? எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டி முதன்முதலில் இந்தக் கல்லூரிப் படி ஏறியவன் நான். அதில் அந்த மிச்ச டேட்டாவுக்கும் ஒரு பங்கு உண்டு என்பது மறுக்க முடியாத உண்மை.

பேச்சு விஷயத்திலும் அப்படித்தான். எங்கள் பாட்டியிடம் போனைக் கொடுத்தால் இன்றைக்கும் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொல்லி முடித்து, “சரி வெக்கிறேன், காசு போவுது” என்று கட் பண்ணிவிடும். ‘பாட்டி, இப்ப எவ்வளவு பேசினாலும் ஒரே காசுதான்’ என்று நூறு தடவை சொல்லியாச்சு. கேட்காது. நம் நாட்டில் 1995-இல் செல்போன் வந்தபோது வருகிற காலுக்கும் காசு பிடித்தார்களாம். இன்கமிங் இலவசம் என்று ஆனதே 2003-இல்தான். 2009-இல் டாடா டோகோமோ நொடிக்கு ஒரு பைசா என்று அறிவித்தபோது அதுவே பெரிய புரட்சி. அப்படி மீட்டரைப் பார்த்துப் பார்த்துப் பேசின நெஞ்சு பாட்டிக்கு. மிஸ்டு கால் என்பது அந்தக் காலத்தில் தனி மொழி. ஒரு ரிங் என்றால் ‘வந்து சேர்ந்துட்டேன்’, இரண்டு ரிங் என்றால் ‘நீ கூப்பிடு’.

அந்த பயத்தை உடைத்தது 2016. அந்த ஆண்டு செப்டம்பர் 5-ஆம் தேதி ஜியோ சேவை தொடங்கியது. பேச்சு இலவசம், டேட்டாவும் இலவசம். முதலில் டிசம்பர் வரை என்றார்கள், பிறகு 2017 மார்ச் 31 வரை நீட்டித்தார்கள். சிம் கார்டுக்கு ரேஷன் கடை மாதிரி வரிசை நின்றது. நான் அப்போது நாலாம் வகுப்பு என்றாலும் எங்கள் ஊர் முக்கூட்டில் நின்ற அந்த வரிசை எனக்கு நினைவிருக்கிறது. ஆறு மாதத்துக்குள்ளேயே பத்து கோடிப் பேர் சேர்ந்துவிட்டார்கள். மற்ற கம்பெனிகளுக்கு வேறு வழியில்லை, அவர்களும் அன்லிமிடெட் போர்டை மாட்டினார்கள். அதிலும் ஒரு வேடிக்கை! 2017-இல் சில கம்பெனிகளின் ‘எல்லையில்லாப் பேச்சு’க்கு நாளைக்கு 250 நிமிடம், வாரத்துக்கு 1000 நிமிடம் என்று எல்லை இருந்தது. எல்லை உள்ள எல்லையில்லாமை! தமிழய்யா கேட்டால் இதற்கு என்ன அணி என்று சொல்வாரோ தெரியவில்லை.

பெரியப்பா மகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறாள். ராத்திரி ஷிப்ட் முடிந்து ஒரு மணி நேரம் பெரியம்மாவிடம் பேசாமல் தூங்க மாட்டாள். அப்பா வேலை செய்கிற கட்டடங்களில் ஒடிசா, பீகார் ஆட்கள் சாயங்காலம் கை கால் கழுவியதும் செங்கல் அடுக்கின் மேல் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு தங்கள் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துப் பேசுவார்களாம். அவர்களுக்கு இது முழுச் சாப்பாடு. வயிறு நிறைய உண்கிறார்கள். நியாயம்தான்.

சரி, அளவுச் சாப்பாட்டுக்காரர் என்ன ஆனார்? அவர் வேறு யாருமில்லை, எங்க அப்பாதான்.

அப்பா கொத்தனார். பட்டன் செட்டு வைத்திருக்கிறார். அவராக யாருக்கும் போன் போட்டு நான் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அந்தப் போனைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துத் திண்ணையில் கண்ணெதிரே வைத்துக்கொள்வார். மேஸ்திரி கூப்பிட்டு, ‘நாளைக்கு இன்ன ஊரு, இத்தனை மணிக்கு வா’ என்று சொன்னால்தான் மறுநாள் கூலி. போன் என்றால் அவருக்கு அவ்வளவுதான். ஒரு நாளைக்கு ஒரு கால், அதுவும் இன்கமிங்.

போன வருஷம் ஐப்பசியில் எனக்கு செமஸ்டர் பரீட்சை. வீட்டு போன்களுக்கு ரீசார்ஜ் பண்ணுகிற பொறுப்பு என்னுடையது. பேக் முடியப் போகிறது என்று வரும் மெசேஜ் இங்கிலீஷில் வரும், அதை வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தானே! பரீட்சை மும்முரத்தில் மறந்தே போனேன். பேக் முடிந்ததும் அவுட்கோயிங் நின்றது. அப்பா கவனிக்கவில்லை, அவர்தான் யாருக்கும் போடுவதில்லையே. சில நாள் கழித்து இன்கமிங்கும் நின்றது. அதையும் அவர் அறியவில்லை. போன் மணி அடிக்காததற்கு மழைக்காலம், வேலை இல்லை போல என்று நினைத்துக்கொண்டார். மேஸ்திரி இரண்டு நாள் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். இந்த எண்ணுக்கு இன்கமிங் வசதி இல்லை என்று பதிவு செய்த குரல் சொல்லியிருக்கிறது. நம்பர் மாற்றிவிட்டான் போல என்று வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டார். பக்கத்து டவுனில் மூன்று நாள் காங்கிரீட் வேலை, சாப்பாட்டோடு கூலி. போயே போய்விட்டது.

நான் ஊருக்குப் போனபோது அம்மாதான் பிடித்துக்கொண்டது. “ஏம்ப்பா, அந்த மனுசன் மாசத்துல ஒத்த ரூவாக்குப் பேசியிருப்பாரா? அதுக்கு இருநூறு ரூவாயா? போன் நம்மளுது, வர்ற போனு அவங்க காசு. அப்புறம் எதுக்குடா நிறுத்தினான்?”

நான் மூன்று வருஷம் படித்த தொடர்பியலில் இந்தக் கேள்விக்குப் பதில் எந்த யூனிட்டிலும் இல்லை, நண்பர்களே! மறந்தது என் தப்பு. அதை இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒருத்தன் மறந்தால் ஒரு வீட்டின் கூலி நிற்கிற மாதிரி ஒரு ஏற்பாடு எதற்கு?

பழைய ஏற்பாடு அப்படி இல்லை. 2005 இறுதியில் ‘ஆயுட்கால இன்கமிங்’ திட்டங்கள் வந்தன. ஆயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவாகக் கட்டிவிட்டால் வருகிற காலுக்குக் கவலையில்லை. தேவைப்பட்டால் பத்து ரூபாய் கார்டைச் சுரண்டிப் போட்டுப் பேசலாம். 2018 கடைசியில் பெரிய கம்பெனிகள் மாதம் குறைந்தது 35 ரூபாய் போட வேண்டும் என்று ஆரம்பித்தன. கணக்கில் பேலன்ஸ் இருக்கிறவர்களை எப்படித் துண்டிக்கலாம் என்று ஜனங்கள் கூச்சல் போட, டிராய் எனப்படும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் தலையிட்டது. ஆனாலும் வழக்கம் நின்றுவிட்டது. அந்த 35 ஏறி ஏறி 2024 ஜூலையில் ஏர்டெல்லில் 199 ஆனது. 28 நாளுக்கு எல்லையில்லாப் பேச்சும் 2 ஜி.பி. டேட்டாவும். அதாவது, அளவுச் சாப்பாடு கேட்டு வந்தவருக்கும் முழுச் சாப்பாடு பரிமாறி முழு பில்லைக் கொடுத்துவிட்டார்கள். எங்க அப்பா செட்டில் டேட்டாவைத் திறக்கக்கூட முடியாது!

பத்து ரூபாய் டாப்-அப் இன்றும் இருக்கிறது என்று யாராவது சொல்வீர்கள். இருக்கிறது, இருக்க வேண்டும் என்று டிராய் விதியே உண்டு. போட்டால் வரியும் கழிவும் போக 7 ரூபாய் 47 பைசா ஏறும். ஆனால் வேலிடிட்டி பேக் இல்லாத சிம்மில் அந்த ஏழு ரூபாய் சொச்சத்தை வைத்துப் பேச முடியாது. பூட்டின வீட்டுக்குள் இருக்கிற பணம் மாதிரி.

முழுச் சாப்பாட்டுக்காரர்களும் இப்போது நிம்மதியாக இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஜியோவில் நாளைக்கு ஒன்றரை ஜி.பி., 28 நாள் பேக் 2018 ஜனவரியில் 149 ரூபாய். 2019 டிசம்பரில் 199. 2021 டிசம்பரில் 239. 2024 ஜூலையில் 299. ஆறரை வருஷத்தில் ஏறத்தாழ இரட்டிப்பு. நடுவில் 2019 அக்டோபரில் மற்ற கம்பெனி நம்பருக்குப் பேசினால் நிமிடத்துக்கு 6 பைசா என்றார்கள். என்றைக்கும் இலவசம் என்று சொல்லிவிட்டு இப்படியா என்று நாடே கொதித்தது. 2021 ஜனவரி 1 முதல் கம்பெனிகளுக்குள் அந்தக் கட்டணத்தையே டிராய் எடுத்துவிட்டதால் அது முடிந்தது.

2024 ஜூலை கோபம் இன்னும் பெரிசு. ‘வாங்கடா பி.எஸ்.என்.எல்.லுக்கு’ என்று நம் ஹாஸ்டலிலேயே ஒரு அறை முழுக்கப் போர்ட் பண்ணினார்கள். அந்த ஒரே மாதத்தில் பி.எஸ்.என்.எல்.லுக்கு 29 லட்சத்துக்கும் மேல் வாடிக்கையாளர் கூடினார்கள், மற்ற மூன்று பெரிய கம்பெனிகளும் ஆள் இழந்தன. பிறகு? 4ஜி டவர் போதவில்லை, ரீல்ஸ் சுற்றிக்கொண்டே நின்றது, நம்மவர்கள் சத்தமில்லாமல் திரும்பிவிட்டார்கள். அதே ஆண்டு நவம்பரில் பி.எஸ்.என்.எல். மறுபடி வாடிக்கையாளர்களை இழந்தது. நாலு மாதம்தான் நம் வீரம்!

என் கருத்து என்னவென்றால், நாம் கோபப்பட்டது விலைக்காக மட்டும்தான். அளவுக்காக யாரும் கோபப்படவில்லை. ஏன் என்றால் ‘அன்லிமிடெட்’ நம்மைப் பழக்கிவிட்டது. ராத்திரி பதினொன்றரைக்கு நம் ஹாஸ்டல் வராந்தாவில் நடந்து பாருங்கள். ‘டேய், இன்னும் எண்ணூறு எம்.பி. கிடக்குடா, பன்னெண்டு மணிக்குள்ள தீக்கணும்’ என்று பார்க்கப் பிடிக்காத படத்தை டவுன்லோடு போட்டுக்கொண்டிருப்பார்கள். நானும் போட்டிருக்கிறேன். தீர்க்காவிட்டால் ஏதோ நட்டம் என்று மனசு அடித்துக்கொள்கிறது. நம்முடைய அந்த எண்ணூறு எம்.பி.க்கும் எங்க அப்பா தொடாத 2 ஜி.பி.க்கும் சேர்த்துத்தான் விலை போட்டிருக்கிறார்கள்.

என் அறைத் தோழன் ஒருத்தன் இதை ஒப்புக்கொள்ளவில்லை. “299-ஐ 28-ஆல வகுடா, ஒரு நாளைக்குப் பத்தே முக்கா ரூவா. ஒரு டீ காசு. இதுக்குப் போய் கட்டுரை எழுதுறியா?” என்றான். அவன் கணக்கு சரி. ஆனால் டீயை இன்றைக்கு வேண்டாம் என்று விடலாம். வேலை இல்லாத வாரத்தில் அப்பா டீயை விட்டும் இருக்கிறார். பேக்கை அப்படி ஒரு வாரம் விட முடியாது, விட்டால் வேலை வருகிற வழியே அடைபடும். இன்னொன்று, 28 நாள் என்று வைத்தால் வருஷத்துக்கு 12 அல்ல, 13 முறை போட வேண்டும். பதின்மூன்று இருபத்தெட்டு 364, கணக்குப் பண்ணிப் பாருங்கள். 30 நாள் பேக்கும், மாதாமாதம் அதே தேதியில் வருகிற பேக்கும் ஒன்றாவது வைக்க வேண்டும் என்று 2022 ஜனவரியில் டிராய் உத்தரவு போட்டது. வைத்தார்கள். ஆனால் கடையில் முதலில் காட்டுவது 28-தான்.

கடைசியில் அப்பா மாதிரி ஆட்களின் பக்கமும் ஒரு வெளிச்சம் வந்தது. நாட்டில் ஏறத்தாழ 15 கோடிப் பேர் இன்னும் சாதாரண பட்டன் செட்டுதான் வைத்திருக்கிறார்கள், அவர்களை டேட்டா வாங்க வைக்கக் கூடாது, பேச்சுக்கும் எஸ்.எம்.எஸ்.ஸுக்கும் மட்டும் தனி பேக் வை என்று 2024 டிசம்பரில் டிராய் விதியைத் திருத்தியது. செய்தியைப் படித்ததும் அப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். ஜனவரி 2025-இல் பேக்குகள் வந்தன. ஜியோவில் 448 ரூபாய்க்கு 84 நாள், 1748-க்கு 336 நாள். ஏர்டெல்லில் 469-க்கு 84 நாள், 1849-க்கு ஒரு வருஷம்.

பார்த்தீர்களா? 28 நாளுக்குச் சின்னதாக ஒன்றும் வரவில்லை. ஏர்டெல்லில் 199 ரூபாய் பேக்கைப் பதின்மூன்று முறை போட்டால் 2587. மொத்தமாக ஒரே தடவை கட்ட முடிந்தவருக்கு 1849. வித்தியாசம் 738 ரூபாய். கையில் காசு இருக்கிறவனுக்கு விலை கம்மி, அன்றாடம் காய்ச்சிக்கு விலை ஜாஸ்தி. அரிசிக் கடையிலும் இப்படித்தான், மூட்டையாக வாங்கினால் லாபம் என்பீர்கள். அதனால்தானே கிலோ கணக்கில் வாங்குகிறவர்களுக்கு ரேஷன் கடை வந்தது?

நாம் தொடர்பியல் படிக்கிறவர்கள், கொஞ்சம் உள்ளே போய்ப் பார்ப்போம். 4ஜியில் பேச்சும் டேட்டாதான். குரலை நொடிக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று கிலோபிட் அளவுக்குச் சுருக்கி அனுப்புகிறார்கள். போகிற, வருகிற இரண்டு பக்கமும், தலைப்புத் தகவலும் சேர்த்தாலும் நிமிடத்துக்குச் சுமார் அரை மெகாபைட்டு. ஒரு ஜி.பி. செலவாகிற இடத்தில் இரண்டாயிரம் நிமிடம் பேசலாம். ஆக, பேசுவதால் கம்பெனிக்குப் பெரிய செலவில்லை. ஸ்பெக்ட்ரம் ஏலம், டவர் வாடகை, கரண்டு, ஃபைபர் இதெல்லாம் யார் பேசினாலும் பேசாவிட்டாலும் ஆகிற செலவு. அதை எல்லாரும் பகிர்ந்துதான் ஆக வேண்டும் என்று கம்பெனி சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஒரு சிம் உயிரோடு இருக்கவும் காசு ஆகும். ஆனால் பகிர்கிறபோது ஒரு நாளைக்கு ஒன்றரை ஜி.பி. குடிக்கிறவனுக்கும் ஒரு கால் வாங்குகிறவருக்கும் எவ்வளவு வித்தியாசம் இருக்க வேண்டும்? 299-க்கும் 199-க்கும் உள்ள வித்தியாசம்தானா?

அளவுச் சாப்பாடு முடியாத காரியம் ஒன்றுமில்லை. 2024-இல் பி.எஸ்.என்.எல்.லில் 107 ரூபாய்க்கு 35 நாள், 200 நிமிடப் பேச்சு, 3 ஜி.பி. என்று ஒரு பேக் இருந்தது. அதுதான் நான் சொல்கிற போர்டு. நிமிடத்துக்கு அளவு, விலையும் அளவு. எங்கள் ஊரில் அந்த டவர் வீட்டுக்குள் எடுக்காது என்பதால் அப்பாவுக்கு உதவவில்லை. டிராய் கேட்க வேண்டியது இதைத்தான். டேட்டாவை எடு என்று சொன்னது போதாது. எல்லாக் கம்பெனியும் மாதத்துக்கு நூறு நிமிடம், இருநூறு நிமிடம் என்று ஒரு சின்ன பேக் வைக்க வேண்டும். பேக் முடிந்தாலும் இன்கமிங் மட்டுமாவது மூன்று மாதம் நிற்காமல் வர வேண்டும். முடியப் போகிறது என்ற மெசேஜ் அவரவர் மொழியில், எழுத்துத் தெரியாதவருக்குக் குரலில் வர வேண்டும். டிராய் இப்படி விதி போடுகிறபோதெல்லாம் பொதுமக்கள் கருத்தைக் கேட்கும், யார் வேண்டுமானாலும் எழுதி அனுப்பலாம். நம் மாணவர் பேரவை ஒரு கடிதம் தயார் செய்தால் முதல் கையெழுத்து நான் போடுகிறேன். கோபத்தில் போர்ட் பண்ணிவிட்டு நாலு மாதத்தில் திரும்பி வருவதைவிட இது உருப்படியான வேலை என்பது என் தாழ்மையான எண்ணம்.

இந்தக் கட்டுரையை வாசித்துக் காட்டியபோது அதே அறைத் தோழன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “எங்க ஆயா போனும் ரெண்டு மாசமா செத்துதான்டா கிடக்கு, யாரும் போடல” என்றான்.

அப்பாவுக்குப் போன மாதம் 84 நாள் பேக் போட்டிருக்கிறேன். விடுமுறையில் ஒரு எலக்ட்ரிக் கடையில் நின்ற காசு. முடிகிற தேதியை வீட்டுக் காலண்டரில் சிவப்பு மையில் வட்டம் போட்டு, எழுத்து வேண்டாம் என்று பக்கத்தில் ஒரு போன் படம் வரைந்து வைத்துவிட்டு வந்தேன். அம்மா அதைப் பார்த்துவிட்டு, “எலி மாதிரி இருக்குடா” என்றது.